40-வது தெருவில் முடியும் வளாகம்: பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் மேற்கு பிலடெல்பியாவும்

ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் வரைபடத்தைக் கையில் கொடுத்தால் பெரும்பாலோர் கண் நடுவில்தான் போய் நிற்கும். நூலகம், பழைய கட்டடம், புல்வெளி. நான் முதலில் ஓரத்தைப் பார்ப்பேன். வளாகம் எந்தத் தெருவில் முடிகிறது? அந்தத் தெருவுக்கு அப்புறம் யார் குடியிருக்கிறார்கள்? தெருவைப் பார்த்து இருப்பது கதவா, வெறும் சுவரா? ஊரும் பல்கலைக்கழகமும் எப்படிப் பழகுகின்றன என்பதை அந்த ஓரம் சொல்லிவிடும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகம். அங்கே எல்லோரும் சுருக்கமாகப் பென் என்பார்கள். அதன் மேற்கு ஓரம் 40-வது தெரு. அங்கே சுரங்கத்துக்குள் ஓடிவரும் டிராம்கள் வெளிச்சத்துக்கு ஏறிவந்து பிரிந்து, மேற்கே உள்ள குடியிருப்புகளுக்குள் போகின்றன. ஒரு பக்கம் பல்கலைக்கழகத்தின் மாணவர் அடுக்குமாடிகள். இன்னொரு பக்கம் முன்திண்ணை வைத்த பழைய இரட்டை வீடுகள், சின்னக் கடைகள், தேவாலயங்கள். பெரிய பல்கலைக்கழகம் ஒன்று தன் அக்கம்பக்கத்தை முதலில் இடித்து, அப்புறம் கைவிட்டு, பிறகு கைகொடுத்து, அந்தக் கை கொடுத்ததாலேயே புதிய சிக்கலில் மாட்டிய கதை முழுவதும் இந்தத் தெருவைச் சுற்றி நடந்திருக்கிறது. வளாகத் திட்டமிடல் படிப்பவர்கள் எல்லோரும் இந்தக் கதையை எப்போதாவது தொடுவார்கள். பெரும்பாலும் அதன் நடுப்பகுதியை மட்டும் படிப்பார்கள். முன்னும் பின்னும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

இடித்த காலம்

பென் இங்கே பிறக்கவில்லை. நகர மையத்தில், 9-வது தெருவில் இருந்தது. 1872-இல் இடம் போதாமல் ஸ்கூல்கில் ஆற்றைத் தாண்டி மேற்கே வந்தது. நகரத்தின் ஏழைகள் விடுதிக்குச் சொந்தமான நிலத்தில் ஒரு பகுதியை வாங்கி, பச்சை நிறக் கல்லில் காலேஜ் ஹால் கட்டினார்கள். அப்போது மேற்கு பிலடெல்பியா புறநகர். டிராம் வந்தபின் அது நகரமாக நிறைந்தது. பல்கலைக்கழகத்தைச் சுற்றிலும் தெருக்கள், வீடுகள், ஆட்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் மாணவர் எண்ணிக்கை ஏறியது. விரிய இடம் வேண்டும். 1949-இன் கூட்டரசு வீட்டுவசதிச் சட்டம் ‘நகர்ப் புதுப்பிப்பு’ என்ற பெயரில், நகராட்சிகள் பழைய குடியிருப்புகளைக் கட்டாயமாக எடுத்து இடிக்கப் பணம் கொடுத்தது. செலவில் மூன்றில் இரண்டு பங்கு கூட்டரசுடையது, ஒரு பங்கு ஊருடையது. 1959-இல் அந்தச் சட்டத்தில் 112-ஆம் பிரிவு சேர்ந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தரப்பில் ஜூலியன் லெவி முயன்று கொண்டுவரச் செய்த பிரிவு அது. பல்கலைக்கழகம் தன் விரிவாக்கத்துக்காக நிலம் வாங்கிய செலவை நகரம் தன் ஒரு பங்காகக் கணக்குக் காட்டிக்கொள்ளலாம் என்றது. விளைவை யோசித்துப் பாருங்கள். பல்கலைக்கழகம் ஒரு டாலர் போட்டால் கூட்டரசிடமிருந்து இரண்டு டாலர் நகரத்துக்கு வரும். எந்த நகராட்சி வேண்டாம் என்று சொல்லும்?

அதே 1959-இல் பென், டிரெக்சல், பிரஸ்பிடேரியன் மருத்துவமனை, மருந்தியல் கல்லூரி, ஆஸ்டியோபதி கல்லூரி ஆகியவை சேர்ந்து மேற்கு பிலடெல்பியா கார்ப்பரேஷன் என்ற அமைப்பைத் தொடங்கின. பெரும்பங்கு பென்னுடையது. ‘யுனிவர்சிட்டி சிட்டி’ என்ற பெயரை அந்த வட்டாரத்துக்குப் பரப்பியதும் இந்த அமைப்புதான். அங்கே குடியிருந்தவர்கள் வைத்த பெயர் வேறு. மார்க்கெட் தெருவை ஒட்டி, 40-வது தெருவுக்குக் கிழக்கே இருந்த கறுப்பின மக்களின் குடியிருப்புக்குப் பிளாக் பாட்டம் என்று பெயர். நகரத்தின் மறுசீரமைப்பு ஆணையம் அதில் பெரும்பகுதியை ‘யூனிட் 3’ என்று வரைபடத்தில் குறித்து, 1960-களில் எடுத்து இடித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வெளியேறினார்கள். அந்த நிலத்தில் 1963-இல் உருவான யுனிவர்சிட்டி சிட்டி சயன்ஸ் சென்டர் என்ற ஆராய்ச்சிப் பூங்காவும், யுனிவர்சிட்டி சிட்டி உயர்நிலைப் பள்ளியும் வந்தன. அந்தப் பள்ளி 2013-இல் மூடப்பட்டது, பிறகு விற்கப்பட்டது, இடிக்கப்பட்டது. வீடுகளை இடித்துப் பள்ளி கட்டி, பள்ளியை இடித்து மறுபடி ஆராய்ச்சிக் கட்டடம். ஒரே நிலம் ஐம்பது ஆண்டுக்குள் இரண்டு முறை வெறும் மண்ணானது.

வளாகத்துக்குள்ளும் மாற்றம். கோணலாக ஓடிய உட்லேண்ட் அவென்யூ மூடப்பட்டது. அதில் ஓடிய டிராம் 1955-இல் சுரங்கத்துக்குள் போய்விட்டிருந்தது. லோகஸ்ட் தெரு வண்டியில்லாத நடைபாதை ஆனது. இன்று வளாகத்தின் முதுகெலும்பு அந்த லோகஸ்ட் வாக்தான். மரநிழலில் நடக்க அருமையான இடம், மறுக்கவில்லை. ஆனால் கட்டடங்களின் வாசல்களெல்லாம் உள்ளே, அந்த நடைபாதையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டன. வால்நட், ஸ்ப்ரூஸ் போன்ற வெளித்தெருக்களுக்கு முதுகுதான் மிஞ்சியது. மேற்குக் கோடியில், 38-க்கும் 40-க்கும் இடையே, பல தெருக்கட்டங்களை ஒன்றாக்கி மூன்று உயரமான மாணவர் விடுதிகள் எழுந்தன. இதற்குச் ‘சூப்பர் பிளாக்’ என்று பெயர். அந்தப் பெரிய கட்டத்தைச் சுற்றி நடப்பவருக்குக் கடையும் இல்லை, வீட்டு வாசலும் இல்லை. இருட்டினால் ஆளும் இல்லை.

மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. 1969 பிப்ரவரியில் நூற்றுக்கணக்கானவர்கள் காலேஜ் ஹாலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆறு நாள். அக்கம்பக்கத்துத் தலைவர்களும் சேர்ந்து பேச்சுவார்த்தை நடத்தினார்கள். வீடிழந்தவர்களுக்கு மாற்று வீடு, வட்டாரத்துக்கு நிதி என்றெல்லாம் பேசி முடிவானது. பெரும்பகுதி காகிதத்தோடு நின்றுபோனது. அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்ற மாணவர்களில் ஒருவர் ஐரா ஹார்க்கவி. 1992-இல் அதே பல்கலைக்கழகத்தில் சமூகக் கூட்டுறவு மையத்தைத் தொடங்கி நடத்தியவரும் அவர்தான். பாடத்தையே அக்கம்பக்கப் பள்ளிகளோடு இணைத்து நடத்தும் வகுப்புகளை அந்த மையம் வளர்த்தது. இப்போது நெட்டர் சென்டர் என்கிறார்கள்.

1996

அதற்கப்புறம் வந்த இருபத்தைந்து ஆண்டுகளில் பிலடெல்பியாவில் தொழிற்சாலைகள் மூடின, மக்கள் தொகை குறைந்தது. மேற்கு பிலடெல்பியாவில் வீடுகள் பூட்டிக் கிடந்தன. பென் வளாகத்துக்குள் தன்னைச் சுருக்கிக்கொண்டது. 1994-இல் ஜூடித் ராடின் தலைவரானார். பிலடெல்பியாவிலேயே வளர்ந்தவர், பென்னிலேயே படித்தவர். 1996 இலையுதிர்காலத்தில் கொள்ளைகள் அடுக்கடுக்காக நடந்தன, ஒரு மாணவர் சுடப்பட்டார். அக்டோபர் 31 இரவு, 43-வது தெரு அருகே ஓர் ஆராய்ச்சியாளர் வழிப்பறியில் குத்திக் கொல்லப்பட்டார். பிள்ளைகளை இங்கே அனுப்புவதா என்று பெற்றோர் கேட்க ஆரம்பித்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு நிர்வாகத்தின் முன்னால் இரண்டு வழிகள் இருக்கும். சுவர் எழுப்பலாம், காவலரை அதிகமாக்கலாம், உள்ளேயே எல்லாம் கட்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் வெளியே போகலாம். ராடினின் நிர்வாகம் வெளியே போனது. அப்போது நிர்வாகத் துணைத் தலைவராக இருந்த ஜான் ஃபிரை அந்த வேலையை முன்னின்று நடத்தினார். பாதுகாப்பும் சுத்தமும், வீடு, கடை, உள்ளூர் ஆட்களுக்கு வேலையும் கொள்முதலும், பொதுப்பள்ளி என்று ஐந்து பக்கமும் ஒரே நேரத்தில் கை வைத்தார்கள். பிற்பாடு மேற்கு பிலடெல்பியா முன்முயற்சிகள் என்று பெயர் பெற்றது இதுதான். ஐந்தும் ஒன்றையொன்று தாங்குபவை. பள்ளி சரியில்லாத தெருவில் வீடு வாங்கச் சொன்னால் யார் வாங்குவார்கள்? வீடு நிறையாத தெருவில் கடை எப்படி நிற்கும்?

இன்னொரு முடிவு, என் கணக்கில் இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. மேற்கேயும் வடக்கேயும் உள்ள குடியிருப்புகளுக்குள் வளாகம் இனி விரியாது என்று பென் வாக்குக் கொடுத்தது. 1960-களைக் கண்ணால் பார்த்தவர்கள் தெருவில் உயிரோடு இருக்கும்போது, இதைச் சொல்லாமல் எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் பேச்சு நகர்ந்திருக்காது.

விளக்கு, கடை, வீடு

சின்னதில் தொடங்குகிறேன், ஏனென்றால் அது சின்னது இல்லை. மேற்கு பிலடெல்பியாவின் தெருக்களில் பெரிய பெரிய மரங்கள். தெருவிளக்கு வண்டிப் பாதைக்காக உயரத்தில் நிற்கும். இலை நிறைந்த மாதங்களில் வெளிச்சம் கிளைகளோடு நின்றுவிடும், நடைபாதை இருட்டாகவே இருக்கும். யூசி பிரைட் (யூசி என்பது யுனிவர்சிட்டி சிட்டியின் சுருக்கம்) என்ற திட்டம் வீட்டு முகப்பிலும் முன்வெளியிலும் விளக்குப் பொருத்த வீட்டுக்காரரோடு செலவைப் பகிர்ந்துகொண்டது. ஒரு வீடு போட்டால் ஒரு புள்ளி வெளிச்சம். பக்கத்து வீடுகளும் சேர்ந்தால் தெரு முழுக்க ஆள் உயரத்தில் ஒரே வெளிச்சம். அதனால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பேசவேண்டிய கட்டாயம் வந்தது. விளக்கு எரியும் திண்ணையில் ஆள் உட்காருவார், ஆள் உட்கார்ந்தால் தெருவில் நடக்கிறவருக்குத் தைரியம். யூசி கிரீன் என்ற இன்னோர் அமைப்பு இதே வழியில் மரமும் செடியும் நட்டது. நட்டவர்கள் அந்தந்தத் தெருக்காரர்கள்.

1997-இல் யுனிவர்சிட்டி சிட்டி டிஸ்டிரிக்ட் தொடங்கியது. அமெரிக்க நகரங்களில் கடைத்தெருச் சங்கங்கள் சொத்துக்காரர்களிடம் சட்டப்படி ஒரு கட்டணம் வாங்கிக் கூடுதல் துப்புரவும் காவலும் நடத்துவது வழக்கம். இங்கே பெரிய சொத்துக்காரர்களெல்லாம் வரிவிலக்குப் பெற்ற பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகள். அதனால் விருப்பப் பங்களிப்பு என்ற முறையில் நடந்தது. இதன் நல்ல பக்கம், வீட்டுக்காரர் தலையில் புதுக் கட்டணம் விழவில்லை. கெட்ட பக்கம், பணம் கொடுப்பவர் யாரோ அவர் கை மேலே இருக்கும். சீருடை போட்ட ஆட்கள் தெருவைப் பெருக்கினார்கள், இரவில் கூட நடந்து வீட்டில் விட்டார்கள். இந்த அமைப்பு இன்றும் உண்டு. 2011-இல் தொடங்கிய அதன் வேலைப்பயிற்சித் திட்டம் உள்ளூர்க்காரர்களை இங்குள்ள மருத்துவமனை, பல்கலைக்கழக வேலைகளுக்கே நேராகத் தயார்படுத்துகிறது. வேலை முதலில் உறுதி, பயிற்சி அப்புறம் என்ற வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. பயிற்சிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடி அலையும் நிலை அதனால் குறைகிறது.

கடைகளுக்கு வருவோம். 36-வது தெருவும் வால்நட்டும் சேரும் இடம் ஒரு வண்டி நிறுத்தும் திடலாக இருந்தது. அங்கே புத்தகக் கடையும் தங்கும் விடுதியும் கொண்ட சான்சம் காமன் 1998-99-இல் எழுந்தது. வாசல்கள் வால்நட்டைப் பார்த்து, தரைத்தளம் முழுக்கக் கண்ணாடி, நடைபாதையில் நாற்காலிகள். லோகஸ்ட் வாக்கைப் பார்த்துத் திரும்பி வெளித்தெருவுக்கு முதுகைக் காட்டிய வளாகம் முதல்முறையாக நகரத் தெருவைப் பார்த்து முகம் திருப்பியது என்று சொல்லலாம். அப்புறம் 40-வது தெரு. 2001-இல் வால்நட் முனையில் பெரிய மளிகைக் கடை, அதற்கு மேலே வண்டி நிறுத்தும் மாடிகள். எதிரே சினிமா. சினிமாவின் கதை இழுத்தது. முதலில் நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்டின் சன்டான்ஸ் திரையரங்கம் வருவதாக இருந்தது. கூட்டாளி நிறுவனம் திவாலாகிக் கட்டடம் பாதியில் நின்றது. வேறு நிறுவனம் வந்து 2002-இல் திறந்தது.

மளிகைக் கடைதான் உண்மையான திருப்பம் என்பேன். புத்தகக் கடைக்கும் விடுதிக்கும் பல்கலைக்கழகத்து ஆட்களே பெரும்பாலும் வருவார்கள். காய்கறிக்கும் பாலுக்கும் மாணவியும் வருவார், 45-வது தெருவில் நாற்பது வருடமாகக் குடியிருக்கும் பாட்டியும் வருவார். இருவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். வளாக ஓரத்தில் என்ன வைப்பது என்று கேட்கும்போது நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: இரண்டு பக்கத்தாருக்கும் வாரம் ஒருமுறையாவது வேலை இருக்கும் ஒன்றை வையுங்கள். அதே முனையில் பழுதாகிக் கிடந்த பொது நூலகக் கிளையும் புதுப்பிக்கப்பட்டு 2004-இல் திறந்தது. பக்கத்தில் ஒரு பழைய தேவாலயக் கட்டடம், ரொட்டுண்டா, ஒரு வகுப்பில் மாணவர்களுக்குத் தோன்றிய யோசனையிலிருந்து கலை நிகழ்ச்சிக் கூடமாக மாறியது. நுழைவுக் கட்டணம் இல்லாத, அல்லது மிகக் குறைந்த நிகழ்ச்சிகள் அங்கே நடக்கின்றன.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. தெருவோர உணவு வண்டிகளை ஒழுங்குபடுத்தப் போகிறோம் என்று 1997-இல் பென் நகர மன்றத்திடம் போனது. வண்டிக்காரர்களும் அவர்களிடம் சாப்பிடும் மாணவர்களும் ஊழியர்களும் கொதித்துப்போனார்கள். புதுக் கடைகளுக்கு வழிவிடத்தான் எங்களை விரட்டுகிறீர்கள் என்பது குற்றச்சாட்டு. 1998-இல் சட்டம் வந்தது. பல வண்டிகள் இடம் மாறின, பென் தன் நிலத்தில் ஐந்து உணவுத் திடல்கள் அமைத்துக் கொடுத்தது. சமரசம்தான். ஆனால் பெரிய நிறுவனம் ஒன்று தெருவை அழகாக்க வரும்போது, அந்தத் தெருவில் ஏற்கெனவே பிழைப்பவர் காதில் அது எப்படி விழும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

வீட்டு விஷயத்தில் மூன்று வேலைகள் நடந்தன. பூட்டிக் கிடந்த இருபது வீடுகள் அளவுக்குப் பென்னே வாங்கி, பழுதுபார்த்து, நட்டத்துக்கு விற்றது. தெருவில் ஒரு பாழடைந்த வீடு இருந்தால் சுற்றியுள்ள பத்து வீட்டுக்காரர்களும் தங்கள் வீட்டில் பணம் போடத் தயங்குவார்கள். அந்த ஒன்றைச் சரிசெய்தால் தயக்கம் விலகும். அதனால் நட்டத்தைக் கணக்குப் பார்க்காமல் செய்தார்கள். இரண்டாவது, கூட்டு முதலீட்டில் இருநூறுக்கு மேற்பட்ட வாடகைக் குடியிருப்புகளை வாங்கி நடுத்தர வாடகையில் வைத்திருந்தார்கள். மூன்றாவது, பென் ஊழியர்கள் இந்த வட்டாரத்தில் வீடு வாங்கிக் குடியிருந்தால் உதவித்தொகை: 1998-இல் கையில் 15,000 டாலர், அல்லது வருடத்துக்கு 3,000 வீதம் ஏழு வருடம். பேராசிரியருக்கு மட்டும் என்றில்லாமல் ஊழியர் எவருக்கும் இது கிடைத்தது.

குற்றங்கள் குறைந்தன. வீட்டு விலை இரண்டு மடங்குக்கும் மேலே போனது. இதில் எவ்வளவு பென்னின் உழைப்பு, எவ்வளவு அந்தக் காலத்தின் போக்கு என்று பிரிப்பது கடினம். அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் பெரிய நகரங்கள் பலவற்றிலும் குற்றம் குறைந்தது. இந்தத் திட்டத்தைப் பாராட்டி எழுதும் பலர் அதைச் சொல்வதில்லை.

பள்ளி

42-வது தெருவும் ஸ்ப்ரூஸும் சேரும் இடத்தில், முன்பு ஓர் இறையியல் கல்லூரி இருந்த நிலத்தில், பென் அலெக்சாண்டர் பள்ளி இருக்கிறது. இது தனியார் பள்ளி இல்லை. நகரப் பள்ளி மாவட்டத்தின் பொதுப்பள்ளி. 1998-இல் பென், பள்ளி மாவட்டம், ஆசிரியர் சங்கம் மூவரும் ஒப்பந்தம் போட்டார்கள். 2001-இல் சிறு வகுப்புகளோடு தொடங்கி, வருடாவருடம் மேல் வகுப்புகள் சேர்த்து எட்டாம் வகுப்புவரை வளர்த்தார்கள். மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் கூடுதலாகப் பென் கொடுத்தது. வகுப்பில் ஆள் குறைவாக இருக்கவேண்டும் என்பது அந்தப் பணத்தின் முக்கிய நோக்கம். பெயர் சேடி டேனர் மோசெல் அலெக்சாண்டருடையது. அமெரிக்காவில் பொருளியலில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர். 1921-இல் பென்னிலேயே வாங்கினார். அப்புறம் அதே இடத்தில் சட்டமும் படித்தார்.

தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் பள்ளியாக அதை நடத்தியிருக்கலாம். நடத்தவில்லை. எல்லை வரைந்து, அந்த எல்லைக்குள் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு என்று வைத்தார்கள். ஊழியர் பிள்ளை, உள்ளூர்ப் பிள்ளை என்ற பேதம் இல்லை. இதைவிட நேர்மையான ஏற்பாடு கிடையாது என்றுதான் அன்று எனக்கும் தோன்றியிருக்கும்.

எல்லைக்கோடு என்ன செய்யும் என்பது பிறகு தெரிந்தது. பள்ளி நன்றாக நடந்தது. வீட்டு விளம்பரங்களில் படுக்கையறை எண்ணிக்கையோடு பள்ளி எல்லைக்குள் இருக்கிறதா என்பதும் சேர்ந்துகொண்டது. தெருவின் இந்தப் பக்க வீட்டுக்கு ஒரு விலை, அதே அளவில் அந்தப் பக்க வீட்டுக்கு வேறு விலை. வாடகை ஏறியது. ஏறிய வாடகையைக் கொடுக்க முடியாதவர்கள் எல்லையைத் தாண்டிப் போனார்கள். பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளின் பங்கு வருடத்துக்கு வருடம் இறங்கியது. ‘பென்டிரிஃபிகேஷன்’ என்ற சொல்லே அந்த வட்டாரத்தில் உருவானது. பணக்காரர் குடியேறி ஏழைகளை நகர்த்தும் நிலைக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லோடு பென்னின் பெயரை ஒட்டிய சொல் அது.

2013 ஜனவரியை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். மழலையர் வகுப்புக்கு முதலில் வருபவருக்கே இடம். பதிவு செவ்வாய்க்கிழமை காலை. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமையே பெற்றோர் பள்ளி வாசலில் வரிசை கட்டிவிட்டார்கள். குளிர்காலம், நடைபாதையில் கூடாரம், போர்வை, மடக்கு நாற்காலி. கணவர் கொஞ்ச நேரம், மனைவி கொஞ்ச நேரம் என்று மாற்றி மாற்றி. நான்கு நாள் வேலையை விட்டு வரிசையில் நிற்க எந்தக் குடும்பத்தால் முடியும் என்று யோசித்தாலே, யார் அந்த வரிசையில் இல்லை என்பது தெரிந்துவிடும். பள்ளி மாவட்டம் இடையில் புகுந்து, வரிசை வேண்டாம், குலுக்கல் என்று அறிவித்தது. குளிரில் நின்றவர்களுக்குக் கோபம். ஆனால் குலுக்கல்தான் சரி என்று நான் நினைக்கிறேன்.

பள்ளி கட்டியது தவறு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அங்கே நல்ல படிப்புப் பெற்றிருக்கிறார்கள். பிசகு வேறிடத்தில். நல்ல பள்ளி ஒன்றே ஒன்று இருந்தால் அதைச் சுற்றிய நிலம் விலையேறத்தான் செய்யும். பள்ளி திறப்பதற்கு முன்பே, நிலம் மலிவாக இருந்தபோதே, அந்த எல்லைக்குள் நிரந்தரமாக வாடகை ஏறாத வீடுகளை வாங்கி ஒதுக்கியிருக்கவேண்டும். பென்னிடம் அதற்கான பணமும் இருந்தது, ஆளும் இருந்தது. வீட்டுத் திட்டங்கள் எல்லாம் விலை விழுந்துகொண்டிருந்த காலத்துக்காகப் போடப்பட்டவை: ஆட்களை வரவழை, வாங்கவை, விலையைத் தூக்கு. விலை ஏறினால் என்ன செய்வது என்ற பக்கம் திட்டத்தில் இல்லை. இன்னொரு வழி, பக்கத்துப் பள்ளிகளையும் சேர்த்துத் தூக்கியிருக்கலாம். 47-வது தெருவில் உள்ள ஹென்றி லீ பள்ளிக்கு அதே மாதிரியான பெரிய ஒப்பந்தத்தைப் பென் அறிவித்தது 2022-இல். இடையில் இருபது ஆண்டுகள்.

வரி என்ற பழைய சண்டை

வளாகத் திட்டமிடல் பேசும்போது கட்டடத்தையும் தெருவையும் பற்றித்தான் பேசுவோம். பணம் எந்தக் குழாயில் ஓடுகிறது என்பதையும் பார்க்கவேண்டும். நகரத்தில் மிக அதிகம் பேருக்கு வேலை தரும் தனியார் நிறுவனம் பென். கல்வி நிறுவனம் என்பதால் வளாகக் கட்டடங்களுக்குச் சொத்துவரி கிடையாது. பிலடெல்பியாவில் சொத்துவரியில் பெரும் பங்கு பள்ளிகளுக்குப் போகிறது. ஆக, வளாகம் விரிய விரிய, பள்ளிகளுக்கு வரி கொடுக்கும் நிலம் சுருங்கும். 1990-களின் நடுவில் வரிக்குப் பதிலாக ஒரு விருப்பத் தொகையைப் பென் சில வருடம் கொடுத்தது, பிறகு நின்றுவிட்டது. 2020-இல் பென்னின் பேராசிரியர்களும் ஊழியர்களுமே சேர்ந்து இதைக் கொடுக்கவேண்டும் என்று இயக்கம் நடத்தினார்கள். அந்த நவம்பரில் பென் பத்து ஆண்டுகளில் 10 கோடி டாலர் பள்ளி மாவட்டத்துக்குத் தருவதாக அறிவித்தது. பழைய பள்ளிக் கட்டடங்களில் உள்ள ஆஸ்பெஸ்டாஸையும் ஈயத்தையும் நீக்கும் வேலைக்கு.

நல்ல தொகை. ஆனால் கொடுப்பவர் தானாகப் பார்த்துக் கொடுக்கும் தொகைக்கும், கொடுத்தே ஆகவேண்டிய வரிக்கும் வேறுபாடு உண்டு. வரிப்பணத்தை எங்கே செலவழிப்பது என்று ஊர் முடிவு செய்யும். ஒரு பள்ளிக்கு 1,000 டாலர் கூடுதல், பக்கத்துப் பள்ளிக்கு இல்லை என்ற நிலை வந்ததே இந்த வேறுபாட்டால்தான்.

கிழக்கே திரும்பியது

மேற்கே போகமாட்டோம் என்ற வாக்கைப் பென் எப்படிக் காப்பாற்றியது? கிழக்கே திரும்பியது. வளாகத்துக்கும் ஆற்றுக்கும் இடையே அஞ்சல் துறையின் நிலமும், ரயில் பாதைகளும், வண்டித் திடல்களும் கிடந்தன. யாரும் குடியிருக்காத நிலம். 2006-இல் சசாகி நிறுவனம் தயாரித்த ‘பென் கனெக்ட்ஸ்’ திட்டம் இந்தப் பக்கத்தை முன்னே வைத்தது. 2007-இல் அஞ்சல் துறையின் நிலம் கைக்கு வந்தது. 2011-இல் 24 ஏக்கரில் பென் பார்க் திறந்தது. வடிவமைத்தவர்கள் மைக்கேல் வான் வால்கன்பர்க் நிறுவனத்தார். ரயில் பாதைகளுக்கு மேலே பாலங்கள், கீழே விளையாட்டுத் திடல்கள், புல்மேடுகள். நகர மையத்திலிருந்து ஆற்றைத் தாண்டி வருபவருக்கு இப்போது வளாகம் ஒரு பூங்காவாகத் தொடங்குகிறது.

நில அமைப்பு கைகொடுத்தது, உண்மை. எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் பக்கத்தில் காலியான ரயில் நிலம் கிடைக்காது. இருந்தாலும் 1960-களிலும் அந்த நிலம் அங்கேதான் இருந்தது. வீடுகளை இடிப்பது மலிவாக, எளிதாகத் தெரிந்ததால் ஆற்றங்கரைப் பக்கம் யாரும் திரும்பவில்லை. மலிவாக்கியது 112-ஆம் பிரிவு. விரிவாக்கத்தின் திசையைத் தீர்மானித்தது வடிவமைப்பாளரின் பென்சில் இல்லை, யார் நிலம் எந்த விலைக்குக் கிடைக்கிறது என்ற கணக்கு. கணக்கு மாறியபோது திசையும் மாறியது.

40-வது தெருவும் மார்க்கெட்டும்

1980-களின் தொடக்கத்தில், இடிக்கப்பட்ட பிளாக் பாட்டம் நிலத்தின் மேற்கு முனையில், 40-வது தெருவும் மார்க்கெட் தெருவும் சேரும் இடத்தில், குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக 70 வீடுகள் கட்டப்பட்டன. யுனிவர்சிட்டி சிட்டி டவுன்ஹோம்ஸ். கட்டியவர் தனியார், வாடகையில் பெரும்பகுதிக்குக் கூட்டரசின் மானியம். மானிய ஒப்பந்தம் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். அது முடியும்போது உரிமையாளர் நினைத்தால் புதுப்பிக்கலாம், நினைத்தால் நிலத்தை விற்கலாம். நாற்பது ஆண்டில் சுற்றிலும் ஆய்வகங்களும் அடுக்குமாடிகளும் எழுந்து நிலம் தங்கமாகிவிட்டது. 2021-இல் உரிமையாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்றார்.

குடியிருந்தவர்கள் அந்த இடத்துக்கு மக்கள் டவுன்ஹோம்ஸ் என்று பெயர் வைத்துப் போராடினார்கள். 2022 கோடையில் புல்வெளியில் கூடாரம் போட்டார்கள். நீதிமன்ற உத்தரவோடு ஆட்கள் வந்து அகற்றினார்கள். ஆகஸ்ட் இறுதியில் பென்னின் புது மாணவர் வரவேற்பு விழாவில் மாணவர்கள் எழுந்து கோஷம் போட, விழா பாதியில் நின்றது. அந்த நிலம் பென்னுடையது இல்லை. விற்பவரும் பென் இல்லை. சட்டப்படி பார்த்தால் பென்னுக்கு இதில் சம்பந்தம் கிடையாது. போராடியவர்கள் சொன்னது வேறு: நிலத்தை முதலில் காலியாக்கிய கதையிலும் நீங்கள் இருந்தீர்கள், அதன் விலை ஏறிய கதையிலும் நீங்கள் இருக்கிறீர்கள். என் மனம் அவர்கள் பக்கம்தான். வளாகத்தின் எல்லைச் சுவர் எங்கே என்று பதிவேட்டில் பார்த்துச் சொல்லிவிடலாம், வளாகத்தின் பாதிப்பு எதுவரை என்று அப்படிச் சொல்ல முடியாது.

2023 ஏப்ரலில் உரிமையாளரும் நகரமும் சமரசத்துக்கு வந்தார்கள். நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நகரத்துக்கு. அதில் 70 குறைந்த வாடகை வீடுகள் கட்டப்படும். வெளியேறும் குடும்பங்களுக்கு 35 லட்சம் டாலர். மீதி நிலத்தை உரிமையாளர் விற்கலாம். அதே எண்ணிக்கை வீடுகள், ஐந்தில் ஒரு பங்கு நிலத்தில். முன்பு தனித்தனி வாசலும் சிறு புல்வெளியுமாக இருந்தவை இனி அடுக்கி எழும்பவேண்டும்.

பிளாக் பாட்டத்தில் வளர்ந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டின் கடைசி ஞாயிறு ஃபேர்மவுண்ட் பூங்காவில் கூடுகிறார்கள். பழைய தெருக்காரர்களைத் தேடிப் பிடித்து, யார் வீடு எந்த முனையில் இருந்தது என்று பேசிக்கொள்கிறார்கள். வளாகத் திட்டம் போட வருகிறவர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் ஓர் ஓரமாக உட்கார்ந்து கேட்கவேண்டும் என்பது என் ஆசை. 34-லிருந்து 40 வரை ஒவ்வொரு தெருவிலும் என்ன இருந்தது என்று சொல்ல அங்கே இன்னும் ஆள் இருக்கிறார்கள்.